லாபம், ரெண்டு, மூணு

அம்சவேணிக்கு நாற்பது நிறைய இருபத்தியொரு நாள் இருந்தபோது, நகராட்சி ஆள் வந்து அவள் வாசல் கதவை அளந்துகொண்டு போனார். அந்த ஊரில் அதுதான் வழக்கம். நாற்பது நிறைகிற நிமிஷத்தில் ஒருவர் என்ன தொழில் செய்கிறாரோ, அதை அவர் வீட்டுக் கதவில் செதுக்கிவிடுவார்கள். டெய்லர் என்றால் டெய்லர். நர்ஸ் என்றால் நர்ஸ். வேலை போனவர் என்றால் 'முன்னாள்'. ஒருமுறை செதுக்கியதை இழைக்கக் கூடாது. பெயிண்ட் அடித்து மறைக்கவும் கூடாது.

'முன்னாள்' என்று செதுக்கினால் அழைப்பு மணியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஆளை இனி யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பது ஏற்பாடு. கீழ் வீட்டு நாச்சிமுத்து போன தை மாதம் முன்னாள் ஆனார். முதலில் அவரிடம் பேச்சு நின்றது. பிறகு அவர் மாடிப்படிக்குப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தார். மேலே போகிறவர்கள் ஹெல்மெட்டை அவர் மேல் மாட்டிவிட்டுப் போனார்கள். மழைக்காலத்தில் குடையும் மாட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

அம்சவேணி பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். தைத்து வருகிற பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்ப வேண்டும். தையல் விட்டிருந்தால், ஓட்டை இருந்தால், அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் கண் என்றால் அது கண். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் அம்பு ஒட்டிவிட்டுத்தான் மொய் எழுதுவாள்.

போன மாதம் அவள் மேஜைக்கு மேல் ஒரு கேமராவை மாட்டினார்கள். இனிமேல் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வழியனுப்பு விழா நடந்தது. யாருக்கு விழா என்று குழம்பிப்போய், பொன்னாடையைக் கேமராவுக்குப் போர்த்திவிட்டார்கள். அன்று சாயங்காலம் வரை அதற்குக் கண் தெரியவில்லை. வந்த பனியனெல்லாம் நல்ல பனியன் என்று போயிற்று.

அம்சவேணி கேமராவுக்கு அடியில் நின்று அதையே பார்த்தாள்.

"இதுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள்.

"புரோகிராம் எழுதறவங்க."

"அவங்களுக்குப் பனியன் தெரியுங்களா?"

சூப்பர்வைசர் யோசித்துப் பார்த்தார். "அவங்க பனியன் போடுவாங்க" என்றார்.

அதே இடத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு வாரம் படுத்து அழுதிருப்பார்கள்.

கதவை அளந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கணவர் துரைசாமியிடம் சொன்னாள். அவர் டெம்போ ஓட்டுகிறவர்.

"ஏனுங்க, நான் கோடிங் படிக்கப் போறேனுங்க."

"எத்தன நாளு?"

"இருபத்தொண்ணுதான் இருக்குது. அதுக்குள்ள வேலையும் வாங்கோணும்."

"சோறு நான் ஆக்கிக்கறேன். நீ போ அம்மிணி."

துரைசாமி ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தை பேசுவது அபூர்வம்.

கோடிங் சொல்லிக்கொடுக்கிற இடங்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தன. தரைத்தளத்தில் ஒன்பது மாதப் படிப்பு. மாடி ஏற ஏற ஒவ்வொரு மாதம் குறையும். ஒன்பதாவது மாடிக்குப் போனால் படிப்பே இல்லை, நேராக வேலைதான் என்று கட்டட வாசல் பலகை சொன்னது. லிஃப்ட் அந்த மாடிக்கு மட்டும்தான் தானாகப் போகும். மற்ற மாடிகளுக்கு ஆளே படியில் இறங்க வேண்டும். பனியனைக் கழுத்திலிருந்து கீழே பார்ப்பதுதான் செக்கிங் முறை என்பதால் அம்சவேணிக்கு இதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

ஒன்பதாவது மாடியில் ஹரிஹரசுதன் என்கிற இயக்குநர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் உள்ளே கால் வைத்ததும் சான்றிதழைக் கையில் கொடுத்தார். சுவர் முழுக்கச் சட்டம் போட்ட புகைப்படங்கள். எல்லோரும் பல் தெரியச் சிரித்தார்கள்.

"நூறு பேர் படிச்சாங்க. நூறு பேருக்கும் வேலை" என்றார்.

"உள்பக்கத்தப் பாக்கலாமுங்களா?" என்றாள் அம்சவேணி.

ஒரு படத்தை எடுத்துத் திருப்பினாள். பின்னால் சட்டம் விற்ற கடையின் சீட்டு இருந்தது. இன்னொன்றைத் திருப்பினாள். அதிலும் அதே சீட்டு.

"இதுங்க சட்டத்தோட வந்த படமுங்க. கடையில தொங்குமே, அதே ஆளுங்க."

ஹரிஹரசுதன் முகம் மாறவில்லை. "அவங்களுக்கும் வேலை கிடைச்சிருக்கு மேடம். சட்டத்துல."

அம்சவேணி அவர் கோட்டுப் பையில் ஓர் அம்பு ஒட்டிவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஐந்தாவது மாடியில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர் சுவரில் இருந்த திரைக்குள் இருந்தார். அவர் மூச்சு விடுகிற இடங்களில் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். அம்சவேணி ஓரத்தில் இருந்த பெண்ணிடம் குனிந்து கேட்டாள்.

"கண்ணு, நேத்து என்ன தப்புப் பண்ணுனீங்க?"

"இங்க யாரும் தப்பே பண்றதில்லக்கா. அதுக்கு அனுமதி இல்ல."

ஒரு பனியன் கட்டுக்குள் தப்பே இல்லை என்றால் அந்தக் கட்டை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் அவள் கற்றது இது. அறுபது பேருக்கும் ஒட்ட ஸ்டிக்கர் போதாது என்பதால் வாசற்கதவில் ஒன்று ஒட்டினாள். மற்ற மாடிகளையும் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே தரைத்தளத்துக்கு வந்து சேர்ந்தாள்.

தரைத்தளத்து அறைக்குப் பலகை இல்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் கொடிக்கயிறு கட்டியிருந்தது. துணிக்குப் பதிலாகக் காகிதங்கள் கிளிப் மாட்டித் தொங்கின. நடுவில் ஒரு ஸ்டூலில் மெஹருன்னிசா உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தேழு இருக்கும். அவள்தான் ஆசிரியை.

"என்ன கண்ணு இதெல்லாம்?"

"தப்புங்கக்கா. யார் பண்ணாங்க, எந்தத் தேதியில பண்ணாங்க, எல்லாம் எழுதியிருக்கு. அந்தா அது நான் போன செவ்வாக்கிழமை பண்ணது."

அம்சவேணி அதைக் கயிற்றிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் அந்தத் தப்பை எப்படிக் கண்டுபிடித்தாள், எப்படித் திருத்தினாள் என்று எழுதியிருந்தது. நூல் எங்கும் தொங்கவில்லை. அவளுக்கு மனசு நிறைந்துபோனது.

"எத்தன மாசம்?"

"ஒம்பது."

"எனக்கு இருவது நாளுதான் கண்ணு இருக்குது."

மெஹருன்னிசா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "காரிடாரை இழுத்துக்கலாங்கக்கா. நடந்துட்டே படிங்க. வெளிய நாள் கணக்கு ஓடும். உள்ள மாசக் கணக்கு ஓடும்."

அவள் சுவரில் இருந்த கைப்பிடியைச் சுற்றினாள். அறைக்குப் பின்னால் இருந்த காரிடார் நீண்டது. கடைசிக் கதவு பொடிசாகத் தெரிந்து, பிறகு தெரியாமலே போயிற்று.

அம்சவேணி நடந்தாள். கதவுக்குக் கதவு ஒரு பாடம். கதவைத் திறக்க வேண்டும், உட்கார வேண்டும், எழுத வேண்டும், தப்பு வந்தால் கொடியில் மாட்ட வேண்டும், திருத்திவிட்டு அடுத்த கதவுக்குப் போக வேண்டும். முதல் வாரத்திலேயே நூற்று நாற்பது தப்புகளை மாட்டினாள். மெஹருன்னிசா புதுக் கயிறு வாங்கிவர வேண்டியதாயிற்று. மற்றவர்கள் ஒரு தப்பை ஒளித்துவைக்கவே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்களாம். இந்த அம்மாள் தன் தப்பைத் தானே தேடிப் பிடித்து, தேதி போட்டு, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டினாள். எத்தனை பேருக்கு வரும் இது? எனக்கு வராது.

சாயங்காலமானால் பக்கவாட்டுக் கதவு வழியாக வீட்டுக்கு வருவாள். துரைசாமி சோற்றைப் போட்டுவிட்டு அவளைப் பார்ப்பார்.

"காலையில போறப்ப இத்தன நரை இல்லியே."

"உள்ள மாசக் கணக்குங்க."

"சரி. ரசம் ஊத்தட்டா?"

மூன்று ஜோடிச் செருப்பு தேய்ந்தது. ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் கம்ப்யூட்டர் மெஷினோடு சண்டை பிடித்தாள். மெஷின் எதை எண்ணினாலும் பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தது. முதலில் இருப்பது பூஜ்ஜியம், அடுத்தது ஒன்று, அதற்கடுத்தது இரண்டு.

"மொதல்ல கைக்கு வர்ற சாமானைப் போயி ஒண்ணுமில்லைங்கறதா? வெளங்குமா?" என்றாள் அம்சவேணி.

பனியனோ தேங்காயோ, அவள் ஊர்ப் பக்கத்தில் முதலாவதை ஒன்று என்றுகூட யாரும் சொல்வதில்லை. 'லாபம்' என்றுதான் தொடங்குவார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே போவார்கள்.

"அப்ப நீங்க பூஜ்ஜியத்தை லாபம்னே கூப்பிடுங்கக்கா. மெஷின் ஒண்ணும் நெனச்சுக்காது" என்றாள் மெஹருன்னிசா.

சண்டை தீர்ந்தது. ஆனால் லாபத்துக்கு அடுத்து நாக்கில் என்ன வரும்? ரெண்டுதான் வரும். மெஷினுக்கு நடுவில் ஒன்று என்று ஒரு ஆள் இருக்கிறது. அந்த ஒன்றை எண்ணாமல் தாண்டிப் போய்விட்டாள். இதை அவளும் கவனிக்கவில்லை, மெஹருன்னிசாவும் கவனிக்கவில்லை.

இருபத்தியோராம் நாள் மதியம் காரிடார் முடிந்தது. கடைசிக் கதவைத் திறந்தால் அது ஒரு கம்பெனியாக இருந்தது. பெரிய கூடம். ஒரு மேஜை, ஒரு மெஷின். சுவரோரமாக ஒரு நீள பெஞ்சில் வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் இருந்த பத்மலோசனி என்கிற அதிகாரி தலை நிமிரவில்லை.

"பெயர்?"

"அம்சவேணிங்க."

"வயசு?"

"நாலு மணிக்கு நாப்பதுங்க."

"நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். பெஞ்சுல பன்னண்டு பேர் இருக்காங்க. அவங்களை எண்றதுக்கு ஒரு புரோகிராம் எழுதுங்க. இங்க எண்ணினவங்கதான் இருப்பாங்க."

அம்சவேணி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். மூன்றரைக்கு வெளியில் டெம்போ சத்தம் கேட்டது. துரைசாமி நகராட்சி ஆளைக் கூட்டிவந்திருந்தார். கதவையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆள் வீட்டில் இல்லாவிட்டால் கதவு ஆள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பது விதி.

"கதவில்லாம வீட்டை எப்படிங்க பூட்டுனீங்க?" என்றாள் அம்சவேணி, மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சன்னலைப் பூட்டிட்டேன்."

நகராட்சி ஆள் கதவைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் சம்மணம் போட்டு, உளியைத் துடைத்துவைத்துக்கொண்டார்.

மூன்று ஐம்பதுக்கு அவள் புரோகிராமை ஓடவிட்டாள்.

"பதினொன்று" என்றது மெஷின்.

பத்மலோசனி எழுந்து பெஞ்சை எண்ணினார். பதினொரு பேர் இருந்தார்கள். "சரியா இருக்கு" என்றார். வேலைக் கடிதத்தை மேஜை மேல் வைத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

அம்சவேணி பெஞ்சைப் பார்த்தாள். முதல் ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் இருந்தது. கிட்டப் போய் அங்கே கை வைத்தாள். பலகை இன்னும் சூடாக இருந்தது.

"பன்னண்டு பேருங்க இருந்தாங்க."

"இப்ப பதினொரு பேர்தான் இருக்காங்க. உங்க புரோகிராமும் அதையேதான் சொல்லுது. இதைவிட என்ன வேணும்?"

"அதுதானுங்க தப்பு. ஒருத்தரு என்னாலதான் கொறஞ்சிட்டாரு."

"யாரும் புகார் குடுக்கலையே."

"காணாமப் போனவரு எப்படிங்க குடுப்பாரு?"

பத்மலோசனி கடிகாரத்தைக் காட்டினார். "கையெழுத்து வேணுமா, வேண்டாமா?"

நானாக இருந்தால் கடிதத்தை வாங்கிக்கொண்டு டெம்போவில் ஏறியிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அம்சவேணிக்கும் ஆசை இல்லாமலில்லை. கடிதம் கை எட்டுகிற தூரத்தில் இருந்தது. கதவும் கண் முன்னால் கிடந்தது. துரைசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கடிதத்தையும் பார்த்தார், பெஞ்சில் இருந்த இடைவெளியையும் பார்த்தார்.

"நீ தேடு அம்மிணி" என்றார்.

அவள் புரோகிராமை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். வரி வரியாகப் பார்த்தாள். எல்லா வரியும் ஒழுங்காக இருந்தது. நாற்பது நிறைய ஆறு நிமிஷம் என்றார் நகராட்சி ஆள். மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். மூன்று நிமிஷம் என்றார். பெஞ்சில் இருந்தவர்களைக் கையைக் காட்டி வாய்விட்டு எண்ணினாள். "லாபம், ரெண்டு, மூணு..." நின்றாள். மறுபடி சொன்னாள். "லாபம், ரெண்டு..."

சிவப்பு அம்பு ஒன்றைக் கிழித்துத் தன் முகவாயில் ஒட்டிக்கொண்டாள். தப்பு அங்கேதான் இருந்தது.

லாபத்துக்கும் ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒன்றைச் சேர்த்து எழுதி, மறுபடி ஓடவிட்டாள். மெஷின் பன்னிரண்டு என்றது. பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சாப்பாட்டுப் பை.

மணி நாலு ஒன்று.

பத்மலோசனி பேனாவை மூடினார். நகராட்சி ஆள் உளியை எடுத்தார். துரைசாமி அவள் பக்கத்தில் வந்து நின்றார். அம்சவேணி நேராகப் போய் அந்த ஆளிடம் கை கூப்பினாள்.

"மன்னிச்சுக்குங்க. உங்கள எண்ணாம உட்டுட்டேன்."

அவர் பெயர் இருதயராஜ். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தவர். முன்னாள் ஆகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"என்னைய எங்கயும் எண்றதில்லீங்க. பழகிப்போச்சு" என்றார். "ஆனா எண்ணலீன்னு ஒருத்தரு தேடிட்டு வந்தது இன்னைக்குத்தானுங்க."

பிறகு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் மூன்று ஐம்பதுதான் ஆகியிருந்தது.

"பதினோரு நிமிஷம் எங்கிட்ட அப்படியே இருக்குதுங்க. நான் இல்லாதப்ப ஓடுனது, நான் செலவழிக்கல. நீங்க எடுத்துக்குங்க."

நகராட்சி ஆள் கைக்கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "சொந்த நிமிஷமா?"

"சொந்தந்தானுங்க."

"கை மாத்தக் கூடாதுன்னு விதி எதுவும் இல்ல" என்று உளியைக் கீழே வைத்தார்.

பத்மலோசனி மேஜை இழுப்பறையைத் திறந்து, செலவாகாத நிமிஷங்களுக்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தார். இருதயராஜ் கையெழுத்துப் போட்டார். கூடத்துக் கடிகாரம் மூன்று ஐம்பதுக்குத் திரும்பியது. பத்மலோசனி மறுபடி பேனாவைத் திறந்தார். அவர் கையெழுத்து நீளமானது, நாலு நிமிஷம் ஆயிற்று. முத்திரை தேடி எடுக்க ஒன்று. மையில் தோய்க்க ஒன்று. நகராட்சி ஆள் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க மூன்று. மணி நாலாவதற்குள் 'புரோகிராம் எழுதுபவர்' என்று கதவில் சுண்ணக்கட்டியால் வரைந்து, முதல் எழுத்தில் உளியை வைத்து நாலாகிற நிமிஷத்துக்குக் காத்திருந்தார்.

கையில் இரண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

ஒரு நிமிஷத்தை எடுத்துக்கொண்டு அம்சவேணி துரைசாமியின் தோளில் சாய்ந்து அழுதாள். முழு நிமிஷமும் அழுதாள். பதினெட்டு வருஷத்தையும் ஒரு மாதத்தையும் சேர்த்து அழுதாள். நாலு மணிக்கு முதல் உளிச் சத்தம் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். மிச்சம் இருந்த ஒன்றை இருதயராஜ் கையில் வைத்து மூடினாள். அவருக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, உங்களுக்கு என்னென்ன வேலையெல்லாம் தெரியுங்க?"

இரண்டு வருஷமாக அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது என்று பார்க்கவே அவருக்கு அந்த ஒரு நிமிஷமும் தேவைப்பட்டது. அம்சவேணி காத்திருந்தாள். அப்புறம் அவர் சொல்ல ஆரம்பித்தார்.